முதல் போட் பழசா வாங்கப் போறீங்களா? 22 அடி கேபின் போட்டா, 16 அடி திறந்த போட்டா

ஒரே விலைக்கு ரெண்டு பழைய போட் விற்பனைக்கு நிக்குதுன்னு வச்சுக்குங்க. ஒண்ணு 22 அடி, சின்னதா ஒரு கேபின், உள்ள படுக்க மெத்தை, கழுவித் தொடைச்சு பளபளன்னு இருக்கு, இஞ்சின் பின்பக்கம் மூடிக்குக் கீழ இருக்கு. இன்னொன்னு 16 அடி, மேல கூரை கூட கிடையாது, குறுக்க மூணு பெஞ்சு, பின்னாடி ஒரு அவுட்போர்ட் மோட்டார் தொங்குது, டிரெய்லரோட வருது. முதல் தடவை வாங்குறவங்களுக்கு கண்ணு போறது அந்த 22 அடி மேலதான். எனக்கும் அப்படித்தான் போச்சு, அதைத்தான் வாங்கினேன், ரெண்டு வருஷம் வச்சிருந்தேன், அந்த ரெண்டு வருஷத்துல தண்ணியில இருந்த நாளை விட கரையில ஏத்தி வச்சு ரிப்பேர் பாத்த நாள்தான் அதிகம். அதனால இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நடுவுல இருக்கிற மத்த வகைகளையும் சேர்த்து, எது எதுல என்ன பாக்கணும்னு எழுதுறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். புதுசா வர்றவங்களுக்கு பழைய போட்ல நீளமோ அழகோ முக்கியம் இல்ல, பழுது ஒளிஞ்சிக்க எவ்வளவு இடம் இருக்குங்கிறதுதான் முக்கியம். நமக்கு இன்னும் கண்ணு பழகல, எதைத் தொட்டுப் பாக்கணும்னே தெரியாது. அப்ப எந்த போட்ல எல்லாமே வெளிய தெரியுதோ அதுதான் நமக்கு ஏத்தது.

முதல்ல அந்த 22 அடி. இஞ்சின் உள்ள, ப்ரொபெல்லரைச் சுத்துற பாகமான டிரைவ் வெளிய, இந்த மாதிரி அமைப்புக்கு ஸ்டெர்ன் டிரைவ்னு பேரு. 1959ல வோல்வோ பென்டா அக்வாமேட்டிக்னு கொண்டு வந்ததுல இருந்து உலகம் பூரா பரவிருச்சு, நல்ல கண்டுபிடிப்புதான், சத்தம் கம்மி, பின்பக்கம் குளிக்க எறங்க வசதியா இருக்கும். ஆனா போட்டோட பின் சுவர்ல பெரிய ஓட்டை போட்டு அது வழியாத்தான் டிரைவ் வெளிய வருது, அந்த இடத்துல தண்ணி உள்ள வராம தடுக்குறது மடிப்பு மடிப்பா இருக்கிற ரப்பர் உறைகள், பெல்லோஸ்னு சொல்வாங்க. இது சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டிய சாமான், மாத்தாம விட்டா வெடிச்சு கிழியும், கிழிஞ்சா போட் கட்டி வச்ச இடத்துலயே மூழ்கும். என் போட்ல ரெண்டாவது வருஷம் ஒரு நாள் காலைல போய் பாத்தப்ப பின்பக்கம் வழக்கத்தை விட ஒரு சாண் கீழ இறங்கி நின்னுச்சு, பம்ப் விடாம ஓடி ஓடி பேட்டரி சாகுற நிலைமை. இன்னும் ஒரு ராத்திரி கழிச்சுப் போயிருந்தா போட் அடியிலதான் கெடந்திருக்கும்.

இதோட கணக்கு தெரிஞ்சா பயம் இன்னும் நல்லா புரியும். தண்ணி மட்டத்துக்கு ஒரு அடி கீழ ஒரு இஞ்ச் அகலத்துல ஓட்டை விழுந்தா நிமிஷத்துக்கு சுமார் 75 லிட்டர் உள்ள வரும். சின்ன போட்ல அடியில தேங்குற தண்ணியை வெளிய தள்ள சாதாரணமா வச்சிருக்கிற பில்ஜ் பம்ப் மேல மணிக்கு 500 கேலன்னு போட்டிருக்கும், அது நிமிஷத்துக்கு 32 லிட்டர் கூட வராது, குழாய் மேல ஏறி வெளிய போகணும், அதுல இன்னும் குறையும். வர்றது 75, போறது 30க்கும் கீழ.

அடுத்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும், அதாவது இஞ்சின் புகையை வெளிய கொண்டு போற குழாய்கள். உப்புத்தண்ணியிலேயே இஞ்சின் குளிர்ற மாதிரி அமைப்பா இருந்தா இந்த வார்ப்பிரும்பு சாமான் உள்ளுக்குள்ளயே அரிச்சுக்கிட்டு வரும், வெளிய பெயிண்ட் அடிச்சு புதுசு மாதிரி நிக்கும். ஓட்டை விழுந்தா தண்ணி நேரா சிலிண்டருக்குள்ள போகும், அதோட இஞ்சின் காலி. கடல்ல ஓடின போட்னா 5ல இருந்து 7 வருஷத்துக்குள்ள மாத்திருக்கணும்னு மெக்கானிக்குங்க சொல்வாங்க. விக்கிறவர்கிட்ட எப்ப மாத்தினீங்கன்னு கேளுங்க, தேதி போட்ட பில்லை காட்டலைன்னா மாத்தலைன்னே வச்சுக்குங்க. பனி விழுற ஊர்ல இருந்த போட்னா இன்னொன்னும் இருக்கு, குளிர்காலத்துல இஞ்சினுக்குள்ள தண்ணி வடிக்காம விட்டிருந்தா உறைஞ்சு பிளாக்கே வெடிச்சிருக்கும், அதை பசை போட்டு ஒட்டி விக்கிறவங்களும் இருக்காங்க.

பெட்ரோல் இஞ்சின் மூடிக்குக் கீழ இருக்கிறதால ஆவி தேங்கும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 4 நிமிஷமாவது ஆவியை வெளிய தள்ளுற ப்ளோயர் ஃபேனை ஓட விடணும். பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அடியில போய் படுத்துக்கும், ஒரு தீப்பொறி போதும். புது ஆளுக்கு இதெல்லாம் முதல் நாளே ஞாபகம் இருக்குமான்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப அந்த 16 அடிக்கு வருவோம். அவுட்போர்ட்ல எனக்குப் பிடிச்ச முதல் விஷயம், அது மொத்தமா வெளிய இருக்கு. மூடியைக் கழட்டினா எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, மோட்டார் செத்துப் போச்சுன்னா கூட போல்ட்டைக் கழட்டி வேற மோட்டார் மாட்டிக்கலாம், போட் பிழைச்சுக்கும். ஸ்டெர்ன் டிரைவ்ல இஞ்சின் போச்சுன்னா பல சமயம் போட்டோட மொத்த விலையே போச்சு.

பாக்கப் போறப்ப முன்கூட்டியே போன் பண்ணி மோட்டாரை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க. போனதும் மூடியைத் தூக்கி கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. சூடான மோட்டார் சுலபமா எழும்பும், ஆறிப் போனது எழும்புதான்னுதான் நமக்குத் தெரியணும். ஓட ஆரம்பிச்சதும் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை வழியா தண்ணி பீச்சி அடிக்கணும், அது குளிரூட்டுற தண்ணி சுத்துதுங்கிறதுக்கு அடையாளம். சொட்டு சொட்டா வந்தா உள்ள தண்ணியைச் சுத்தி விடுற ரப்பர் இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கலாம், வழியில குப்பை அடைச்சிருக்கலாம். இம்பெல்லர் பெரிய செலவு இல்ல, ஆனா தண்ணி வராமலே எவ்வளவு நேரம் ஓட்டியிருக்காங்கங்கிறதுதான் கேள்வி.

அடுத்தது கீழ இருக்கிற கியர் ஆயில். அடி ஸ்க்ரூவை லேசா தளர்த்தி ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்க. பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தா சீல் போய் தண்ணி உள்ள போயிருக்கு. இரும்புத் தூள் மினுமினுன்னு விரல்ல ஒட்டுனா கியரே தேயுதுன்னு அர்த்தம். அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டர்லயும் எவ்வளவு அழுத்தம் வருதுன்னு பாக்குறது. எண் எவ்வளவுங்கிறதை விட, சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள்ள இருக்கான்னு பாருங்க. மூணு சிலிண்டர் ஒரே அளவு காட்டி ஒண்ணு மட்டும் படுத்துக் கெடந்தா அந்த மோட்டாருக்கு இனி பெரிய வேலை இருக்கு.

ஓடின மணி நேரத்தைப் பத்தி ஒரு தப்பான எண்ணம் இருக்கு, கம்மியா ஓடியிருந்தா நல்லதுன்னு. 10 வருஷ மோட்டார் 60 மணி நேரம்தான் ஓடியிருக்குன்னா அது பூரா சும்மா நின்னுருக்கு, டேங்க்ல பெட்ரோல் கெட்டு பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைச்சிருக்கும், ரப்பர் எல்லாம் காஞ்சிருக்கும். ஒழுங்கா சர்வீஸ் பண்ணி 600 மணி நேரம் ஓடினதையே நான் எடுப்பேன்.

2 ஸ்ட்ரோக்கா 4 ஸ்ட்ரோக்கான்னு அடுத்த கேள்வி வரும். பழைய 2 ஸ்ட்ரோக் எடை கம்மி, உள்ள சாமான் கம்மி, கையிலேயே பிரிச்சு வேலை பாக்கலாம், ஆனா பெட்ரோலைக் குடிக்கும், புகை வரும், சில ஏரிகள்ல கார்புரேட்டர் வச்ச 2 ஸ்ட்ரோக்கை விடவே மாட்டாங்க, அதனால ஓட்டப் போற இடத்துல கேட்டுக்குங்க. 4 ஸ்ட்ரோக் சத்தம் இல்லாம, சிக்கனமா ஓடும், ஆனா கனம். 2 ஸ்ட்ரோக்குக்குன்னு கட்டின பழைய போட்ல அதே குதிரைத் திறன் 4 ஸ்ட்ரோக்கை மாட்டினா பின்பக்கம் அமுங்கி, தண்ணி வெளிய போற ஓட்டை வழியா தண்ணி உள்ள வர்றதை நானே பாத்திருக்கேன். போட்டை தண்ணியில விட்டு, ஆள் ஏறாம எந்த அளவுல நிக்குதுன்னு ஒரு தடவை பாத்தா தெரிஞ்சிரும். பிராண்டு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, எவின்ரூட் மோட்டார் தயாரிப்பை அதைச் செஞ்ச பிஆர்பி கம்பெனி 2020ல நிறுத்திட்டாங்க. மோட்டார் மோசம்னு சொல்ல வரல, ஆனா அது மாட்டின போட்டை எடுக்குறதுக்கு முன்னாடி அதைப் பாக்கிற மெக்கானிக் எட்டுற தூரத்துல இருக்காரா, பார்ட்ஸ் கிடைக்குதான்னு விசாரிச்சுக்குங்க.

மோட்டாரை விட ஹல், அதாவது போட்டோட உடம்பு, முக்கியம், ஏன்னா மோட்டாரை மாத்தலாம், ஹல்லை மாத்த முடியாது. ஃபைபர் கிளாஸ், அலுமினியம், காத்து அடிக்கிற ரப்பர் போட், இந்த மூணுலதான் பெரும்பாலும் தேர்வு.

ஃபைபர் கிளாஸ் அழுகாதுன்னு நினைக்கிறோம், உண்மைதான், ஃபைபர் அழுகாது, அதுக்குள்ள பலத்துக்கு வச்ச பிளைவுட் அழுகும். பழைய போட்ல பின் சுவர், அதாவது டிரான்சம், அடியில ஓடுற நீள சட்டங்கள், தளம், இது மூணுலயும் பெரும்பாலும் மரம் இருக்கும். எவனோ ஒருத்தன் மீன் கண்டுபிடிக்கிற கருவி மாட்ட ஒரு ஸ்க்ரூ போட்டு அதை சீல் பண்ணாம விட்டிருப்பான், அது வழியா 10 வருஷம் தண்ணி இறங்கி உள்ள மரம் நனைஞ்ச அட்டை மாதிரி ஆகியிருக்கும், வெளிய ஃபைபர் கண்ணாடி மாதிரி மின்னும். இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். மோட்டாரை மேல தூக்கி வச்சுட்டு அதோட அடிப்பகுதியைப் பிடிச்சு மேலயும் கீழயும் அழுத்தி ஆட்டுங்க, உங்க கூட வந்தவரை டிரான்சத்தையே உத்துப் பாக்கச் சொல்லுங்க. அது லேசா வளைஞ்சாலோ, மேல் விளிம்புல வெடிப்பு விரிஞ்சு மூடினாலோ நன்றி சொல்லிட்டுக் கிளம்பிருங்க. டிரான்சம் மாத்துறது முதல் போட்ல செய்யக்கூடிய வேலை இல்ல.

அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சுத்தியல், இல்லைன்னா ஸ்க்ரூ டிரைவரோட கைப்பிடி, அதை வச்சு தட்டிக்கிட்டே போங்க. நல்ல இடத்துல டக்டக்னு கூர்மையா கேக்கும், அழுகின இடத்துலயோ அடுக்கு பிரிஞ்ச இடத்துலயோ பொத்பொத்னு செத்த சத்தம் வரும். நாலு தடவை தட்டுனா காது பழகிரும். தளத்துல ஷூவைக் கழட்டிட்டு வெறுங்கால்ல நடந்து பாருங்க, எங்கயாவது மெத்துன்னு இறங்குதான்னு. புதுசா கார்ப்பெட் ஒட்டியிருந்தா அதைத் தூக்கிப் பாக்க அனுமதி கேளுங்க. ஃபைபர் மேல இருக்கிற பளபள பூச்சுல, அதாவது ஜெல்கோட்ல, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல் இருந்தா பெரும்பாலும் மேலாப்புலதான், ஆனா ஒரே கோட்டுல நீளமா ஓடுற வெடிப்பு இருந்தா அதுக்கு நேர் உள்பக்கம் என்ன இருக்குன்னு பாக்காம விடாதீங்க. அடிப்பக்கம் கொப்புளம் இருக்கான்னு பாக்குறதுக்கு சரியான நேரம் போட்டை தண்ணியில இருந்து தூக்கின உடனே, மாசக்கணக்குல வெயில்ல காஞ்ச போட்ல கொப்புளம் வத்திப் போய் மறைஞ்சிருக்கும்.

தளத்துக்கு அடியில பெட்ரோல் டேங்க் வச்சு சுத்தி ஃபோம் ஊத்தின போட்னா கூடுதல் கவனம். ஈரம் பிடிச்ச ஃபோம் அலுமினிய டேங்கை அரிச்சிரும், மாத்தணும்னா தளத்தையே அறுக்கணும். 16 அடி திறந்த போட்ல பல சமயம் கையில தூக்குற பிளாஸ்டிக் டேங்க்தான், அதுல இந்தத் தொல்லையே இல்ல.

அலுமினியம் ஏரி, ஆறு மாதிரி நல்ல தண்ணிக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது. நசுங்கினா தெரியும், ஓட்டை விழுந்தா தெரியும், ஒளிக்கிறதுக்கு வழி கம்மி. பழசுல ரிவெட் அடிச்சதுதான் அதிகம், வருஷக்கணக்குல அலையில அடி வாங்கி ரிவெட் தளர்ந்து கசியும். போட் டிரெய்லர் மேல இருக்கிறப்பவே உள்ள கொஞ்சம் தண்ணி ஊத்தி, வெளிய எந்த ரிவெட்ல சொட்டுதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்கலாம், ரொம்ப ஊத்தாதீங்க, தண்ணி கனம் டிரெய்லர் தாங்காது. ஒண்ணு ரெண்டு கசிஞ்சா சரி பண்ணிக்கலாம், சுத்திப் பத்து இடத்துல கசிஞ்சா விட்ருங்க. இதுலயும் டிரான்சத்துக்குள்ள மரம் இருக்கும், அதே சோதனைதான். கடல்ல ஓட்டினதா இருந்தா வெள்ளையா பூத்த மாதிரி அரிப்பும் குழிகுழியா பள்ளமும் இருக்கான்னு பாருங்க. அடியில செம்பு கலந்த பாசி தடுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா அந்த போட் வேண்டவே வேண்டாம், செம்பும் அலுமினியமும் உப்புத்தண்ணியில சேர்ந்தா அலுமினியம்தான் கரையும்.

ரப்பர் போட்ல ஹைபலான், பிவிசி ரெண்டு ரகம், ஹைபலான் வெயிலை அதிக வருஷம் தாங்கும், பிவிசி விலை கம்மி ஆனா ஒட்டுன மூட்டுகள் வெயில்ல விட்டுப்போகும். நல்லா காத்து அடிச்சு ஒரு ராத்திரி விட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, குளிர்ல கொஞ்சம் தளர்றது சகஜம், துவண்டு போனாத்தான் பிரச்சனை.

பாய்மரம் கத்துக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு கேபின் வச்ச பழைய பாய்மரப் படகை முதல்ல எடுக்காதீங்கன்னுதான் சொல்வேன். பாய்மரத்தைப் பிடிச்சு நிறுத்துற இரும்புக் கயிறுகளை 10ல இருந்து 15 வருஷத்துக்குள்ள மாத்தணும்னு இன்சூரன்ஸ்காரங்களே கேப்பாங்க, அடியில இருக்கிற கனமான கீல் ஹல்லோட சேர்ற இடத்துல வெடிப்பு இருந்தா அது தனிக்கதை. அதுக்கு பதிலா லேசர்ங்கிற ரகம் மாதிரி 4.2 மீட்டர் டிங்கி, அதாவது கேபின் இல்லாத சின்ன பாய்மரப் படகு எடுங்க, ஹல் 59 கிலோதான், ரெண்டு பேர் தூக்கிரலாம், பழசு நிறைய கிடைக்கும். அதுல ஒரே ஒரு முக்கியமான சோதனை, பாய்மரம் சொருகுற குழியில தண்ணி ஊத்தி அளவு குறையுதான்னு கொஞ்ச நேரம் பாக்குறது. குறைஞ்சா அந்தக் குழி உள்ள வெடிச்சிருக்கு, நல்ல காத்துல மரம் டெக்கைப் பிச்சுக்கிட்டு வந்துரும்.

டிரெய்லரா, தண்ணியிலேயே கட்டி வைக்கிறதான்னு பாத்தா ஆரம்பத்துல டிரெய்லர்தான். வாடகை இல்ல, அடியில பாசி பிடிக்காது, ராத்திரி மழை பெஞ்சா போட் மூழ்கிருச்சோன்னு தூக்கம் கெடாது. ஆனா டிரெய்லரையும் போட் மாதிரியே பாக்கணும், பல பேர் அதை சும்மா கூட வர்ற சாமான்னு விட்டுடுறாங்க. ஓடி வந்த சூட்டோட சக்கரத்தை தண்ணியில இறக்கினா உள்ள காத்து சுருங்கி பேரிங்குக்குள்ள தண்ணியை இழுக்கும், துரு பிடிச்சு ஒரு நாள் நடுரோட்ல சக்கரம் கழண்டு ஓடும். சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விட்டு கரகரன்னு சத்தம் வருதான்னு கேளுங்க. டயர்ல நாலு எண் இருக்கும், 2316னு இருந்தா 2016ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது, ரப்பர் தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் 6 வருஷம் தாண்டினா மாத்துற செலவை விலையில கழிங்க.

எங்க வாங்குறதுன்னா, கடையில விலை கூட, சில சமயம் கொஞ்ச நாளுக்கு வாரண்டி கிடைக்கும். நேரடியா உரிமையாளர்கிட்ட வாங்குறதுல ஒரு நல்லது, அந்த மனுஷனையும் பாக்கலாம். சர்வீஸ் பில்லை தேதி வாரியா ஃபைல் போட்டு வச்சிருக்கிறவர், இந்த இடத்துல ஒரு தடவை பாறையில இடிச்சேன்னு தானா சொல்றவர், அவர்கிட்ட கொஞ்சம் கூட கொடுத்தே வாங்கலாம். ரொம்ப சும்மாவே கொடுக்குறேன், கொஞ்சம் வேலை மட்டும் இருக்குன்னு சொல்ற போட் பக்கம் முதல் தடவை போகவே வேண்டாம், அந்தக் கொஞ்சம் வேலை எவ்வளவுன்னு மதிப்பு போட நமக்கு இன்னும் தெரியாது.

பேப்பர் விஷயம் சுருக்கமா. டிரான்சத்துல வலது மேல் மூலையில ஹல் நம்பர் பதிச்சிருக்கும், பேப்பர்ல இருக்கிறதோட எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும், சுரண்டியிருந்தா நகர்ந்துருங்க. மோட்டார் நம்பரும் டிரெய்லர் பேப்பரும் தனித்தனியா பாக்கணும், கடன் பாக்கி இருக்கான்னும் கேட்டுக்கணும். ஐரோப்பிய விதிப்படி சிஇ தகடு ஒட்டின போட்ல 'சி', 'டி'ன்னு வகை போட்டிருக்கும். சி வகைன்னா காத்து வேகத்தை அளக்கிற போஃபோர்ட் அளவுல 6 வரைக்கும் காத்து, 2 மீட்டர் அலை வரைக்கும், டி வகைன்னா போஃபோர்ட் 4, அலை 30 சென்டிமீட்டர் வரைக்கும். டி வகையைக் கடலுக்குக் கொண்டு போகாதீங்க, எவ்வளவு மலிவா கிடைச்சாலும்.

எல்லாம் சரியா இருந்தா தண்ணியில ஓட்டிப் பாக்காம காசு கொடுக்காதீங்க. முழு வேகத்துல விட்டு ஆர்பிஎம் எவ்வளவு ஏறுதுன்னு பாருங்க, நிறைய 4 ஸ்ட்ரோக்குக்கு 5000ல இருந்து 6000க்குள்ள வரணும், உங்க மோட்டாருக்குச் சரியான எண் அதோட புத்தகத்துல இருக்கும். எட்டலைன்னா ப்ரொபெல்லர் தப்பா இருக்கலாம், மோட்டாருக்குப் பலமும் இல்லாம இருக்கலாம். 22 அடி மாதிரி பெரிசுன்னா போட்டை முழுசா சோதிச்சுச் சொல்ற சர்வேயர் கட்டாயம், விக்கிறவர் சொல்ற ஆள் வேண்டாம், நீங்களே தேடிப் பிடிங்க. 16 அடிக்கு ஒரு நல்ல அவுட்போர்ட் மெக்கானிக் ஒரு மணி நேரம் பாத்தாலே பெரும்பாலும் போதும்.

காசு கணக்குல, போட் விலையில 10 சதவீதம் வருஷா வருஷம் பராமரிப்புக்கு ஆகும்னு பொதுவா சொல்வாங்க, பழசுக்கு முதல் வருஷம் இதை விடக் கூடவே ஆகும். கையில இருக்கிற மொத்தக் காசுல நாலுல ஒரு பங்கை எடுத்து வச்சுட்டு மீதிக்குத்தான் போட் தேடணும். வாங்கின உடனே இம்பெல்லர், கியர் ஆயில், பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் குழாய் இதெல்லாம் கேள்வி கேக்காம மாத்திருங்க, லைஃப் ஜாக்கெட் எல்லாரோட அளவுக்கும் புதுசா எடுங்க, பழைய போட்ல கூட வர்ற ஜாக்கெட் பாதி நாள் ஈரத்துல கெடந்து இத்துப் போனதா இருக்கும்.

இவ்வளவு படிச்ச பிறகும், குடும்பத்தோட ராத்திரி தங்கணும், அதனால அந்த 22 அடிதான் வேணும்னு சிலருக்கு இருக்கும், அது நியாயமான ஆசைதான், தப்பு சொல்ல மாட்டேன். நல்ல தண்ணியில மட்டுமே ஓடினதா, பெல்லோஸ் மாத்தின பில் 3 வருஷத்துக்குள்ள இருக்கா, கடல்ல ஓடியிருந்தா மேனிஃபோல்ட், ரைசர் மாத்தின பில் இருக்கா, டிரான்சத்துல டிரைவ் சுத்தி தட்டினா சத்தம் கூர்மையா வருதா, இது எல்லாத்துக்கும் பதில் கிடைச்சா எடுங்க. பில் இல்லைன்னா அந்த வேலை பூராவும் உங்க செலவுன்னு மெக்கானிக்கிட்ட விலை கேட்டு, அதைக் கழிச்சு உங்க தொகையைச் சொல்லுங்க, அவர் ஒத்துக்கலைன்னா அந்த 16 அடிக்காரருக்குப் போன் போடுங்க.